மறுநாள் வேலைக்கு எப்படிப் போவது?



அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மான்ட்கோமரி என்று ஓர் ஊர். 1955 டிசம்பர் 1, வியாழக்கிழமை மாலை, அங்கே ஓடிய நகரப் பேருந்தில் ரோசா பார்க்ஸ் என்ற தையல் வேலை செய்யும் பெண்மணி, வெள்ளைக்காரப் பயணிக்காக இருக்கையை விட்டு எழ மறுத்தார்; கைதானார். பலருக்கும் தெரிந்த கதைதான். வேலை பார்த்துக் களைத்தவர் கால் வலியில் உட்கார்ந்துவிட்டார், அவருக்கு நேர்ந்ததைக் கேட்டு ஊரே கொதித்தெழுந்தது என்று சொல்லிச் சொல்லி அது ஒரு புராணமாகவே ஆகிவிட்டது. தமக்கு அன்று உடல் களைப்பு ஏதும் இல்லை என்று பார்க்ஸே பின்னாளில் எழுதியிருக்கிறார். பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தில் செயலாளர். அந்த ஆண்டு கோடையில்தான் டென்னசி மாநிலத்தில் ஒரு பயிற்சி முகாமுக்கும் போய் வந்திருந்தார். புராணம் இதையெல்லாம் மறைப்பதால் வரும் கெடுதல் ஒன்று உண்டு. உரிமைப் போராட்டம் யாரோ ஒருவரின் துணிச்சலில் தானாக மூண்டுவிடும் என்று நாம் நம்பிவிடுகிறோம். துணிச்சல் வேண்டும்தான். ஆனால் மான்ட்கோமரியை நிமிர வைத்தவர்கள், மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் போராட்டம் நின்றுவிடாமல் ஏற்பாடு செய்தவர்கள். முன்னோடிகள் என்ற பெயரை அவர்களுக்கே நான் முதலில் கொடுப்பேன்.

அந்தப் பேருந்துகளின் நடைமுறையைக் கொஞ்சம் பாருங்கள். கட்டணம் பத்து சென்ட். கறுப்பினப் பயணி முன்வாசலில் ஏறி ஓட்டுநரிடம் காசைப் போட வேண்டும். போட்டபின் கீழே இறங்கி, பின்வாசலுக்கு நடந்து போய் மறுபடி ஏற வேண்டும். அவர் பின்வாசலை அடைவதற்குள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போன ஓட்டுநர்களும் உண்டு. முன்னால் உள்ள பத்து இருக்கைகள் வெள்ளையருக்கு; காலியாகக் கிடந்தாலும் மற்றவர்கள் நின்றுகொண்டுதான் வர வேண்டும். இத்தனைக்கும் பயணிகளில் முக்கால்வாசிப் பேர் கறுப்பின மக்கள். இந்தக் கணக்கை மேயருக்கு எழுதிக் காட்டியவர் ஜோ ஆன் ராபின்சன். அலபாமா அரசுக் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியை, மகளிர் அரசியல் மன்றத்தின் தலைவி. நாங்கள் ஏறாவிட்டால் உங்கள் பேருந்து ஓடாது என்று மரியாதையான வார்த்தைகளில் அவர் கடிதம் அனுப்பியது 1954 மே மாதம். பார்க்ஸ் கைதாவதற்கு ஒன்றரை ஆண்டு முன்னால்!

கைதான செய்தி ராபின்சனுக்கு எட்டும்போது இரவு வெகுநேரம் ஆகியிருந்தது. அவர் நேரே கல்லூரிக்குப் போனார். சக ஆசிரியர் ஒருவரும் இரண்டு மாணவர்களும் துணைக்கு வர, ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் விடிய விடிய நோட்டீஸ் ஓட்டினார்கள். தாள் வீணாகாமல் ஒரு தாளில் மூன்றாக அடித்து, வெட்டிக் கட்டினார்கள். பல்லாயிரம் பிரதிகள். அரசுக் கல்லூரியின் தாள், அரசுக் கல்லூரியின் இயந்திரம். தெரிந்தால் வேலை போய்விடும். காலையில் வழக்கம்போல் வகுப்பெடுத்துவிட்டு, பள்ளிகள், கடைகள், முடிதிருத்தகங்கள் என்று கட்டுக்கட்டாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். திங்கட்கிழமை ஒரு நாள் யாரும் பேருந்தில் ஏற வேண்டாம் என்பதே செய்தி. திங்களன்று வண்டிகள் ஏறக்குறைய காலியாக ஓடின. அன்று பிற்பகலில்தான் 26 வயதான பாதிரியார் மார்ட்டின் லூதர் கிங், போராட்டத்தைத் தொடர்ந்து நடத்த உருவான புதிய அமைப்புக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஒரு நாள் பேருந்தில் ஏறாமல் இருப்பது பெரிய காரியமில்லை. செவ்வாய்க்கிழமை என்ன செய்வது? ஊரின் ஒரு கோடியில் குடியிருந்து மறுகோடியில் வெள்ளையர் வீடுகளில் சமைக்கவும் துணி துவைக்கவும் போன பெண்கள்தான் பயணிகளில் பெரும்பகுதி. அவர்கள் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. முதலில் கறுப்பின டாக்ஸிக்காரர்கள் பேருந்துக் கட்டணமான அதே பத்து சென்ட்டுக்கு ஏற்றிக்கொண்டார்கள். குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட், மீறினால் வழக்கு என்றது நகராட்சி. உடனே சொந்தக் கார்கள் இறங்கின, ஏறத்தாழ முந்நூறு. சந்துபொந்தெல்லாம் அறிந்த தபால் ஊழியர்கள் வழித்தடம் வகுக்க உதவினார்கள். எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது, எந்த நேரத்துக்கு எந்தக் கார் என்று ஊருக்கே ஷேர் ஆட்டோ விட்டது மாதிரி ஓர் ஏற்பாடு. எதிர்த்தரப்பினர் கார்களின் காப்பீட்டை ரத்து செய்ய வைத்தார்கள். போராட்டக்காரர்கள் லண்டன் லாய்ட்ஸ் நிறுவனம் வரை போய்க் காப்பீடு வாங்கினார்கள். தேவாலயங்கள் தங்கள் பெயரில் வண்டி வாங்கிப் பக்கவாட்டில் பெயரையும் எழுதி ஓடவிட்டன.

பெட்ரோலுக்குப் பணம்? ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண்மணி சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு, பொரித்த கோழி வைத்த ரொட்டியும் சர்க்கரைவள்ளிக்கிழங்கு இனிப்பும் செய்து விற்றார். கிடைத்த பணம் போராட்டக்காரர்களின் வாராந்தரக் கூட்டத்தில் வந்து சேரும். வாங்கியவர்களில் வெள்ளையரும் உண்டு. யார் சமைத்தார்கள், யார் கொடுத்தார்கள் என்று வெளியே தெரிந்தால் பலருக்குப் பிழைப்புப் போகும். அதனால் தங்கள் குழுவுக்கு ‘எங்கிருந்தும் வராத சங்கம்’ என்று பெயர் வைத்தார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எங்கிருந்தும் வரவில்லை என்பது பதில், பொய்யும் இல்லை. இந்தப் போராட்டத்துக்காகக் கிங் மீது போட்ட வழக்கில் சாட்சி சொன்னதற்காகக் கில்மோர் வேலையை இழந்தார். பிறகு தன் வீட்டிலேயே சமைத்து விற்றார்.

இதற்கெல்லாம் ஒரு மறுப்பு வரும். கடைசியில் ஜெயித்தது நீதிமன்றத்தில் அல்லவா? 1956 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம்தானே பேருந்துப் பிரிவினை செல்லாது என்றது? உண்மை. ஆனால் 1946-லேயே அதே உச்ச நீதிமன்றம், மாநிலம் விட்டு மாநிலம் போகும் பேருந்துகளில் பிரிவினை கூடாது என்று தீர்ப்பளித்திருந்தது. 1961-ல் அந்தப் பேருந்துகளில் பிரிவினையை மீறிப் பயணம் செய்த இளைஞர்கள் அடிபட்டு ரத்தம் சிந்தும்வரை தென்மாநிலங்களில் அந்தத் தீர்ப்பு காகிதமாகவே கிடந்தது. மான்ட்கோமரியில் தீர்ப்பு வந்த சில வாரங்களில் நடைமுறைக்கு வந்ததென்றால், அதற்கு முன்பே ஊர் ஓராண்டு அதற்காக நடந்திருந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். தீர்ப்பு வந்த அதே நாளில்தான் கார் ஏற்பாட்டைத் தடைசெய்யக் கோரி நகராட்சி உள்ளூர் நீதிமன்றத்தில் நின்றுகொண்டிருந்தது. எது தங்களைச் சாய்க்கிறது என்று எதிராளிக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

மக்கள் முதலில் கேட்டதும் பெரிதாக இல்லை. ஓட்டுநர்கள் மரியாதையாகப் பேச வேண்டும். முதலில் வருபவருக்கு முதலில் இடம், அதுவும் வெள்ளையர் முன்னிருந்தும் கறுப்பினத்தவர் பின்னிருந்தும் உட்கார்ந்துகொண்டு வரலாம். கறுப்பினத்தவர் வாழும் தடங்களில் அவர்களையே ஓட்டுநராக வைக்க வேண்டும். பிரிவினையே கூடாது என்று அன்று கேட்கவில்லை. நகராட்சி அதையும் மறுத்தது. மறுக்க மறுக்க, தாக்குப்பிடிக்கும் வலு கூடக் கூட, கோரிக்கையும் வளர்ந்தது. இரண்டு வாரத்தில் கார்கள் நின்றிருந்தால், ஓட்டுநரின் பேச்சில் சற்று மரியாதையோடு விஷயம் முடிந்திருக்கும்.

கனமான மறுப்பு வேறொன்று. திட்டமிட்டு நடத்தியவர்கள் கிளாடெட் கால்வினை ஏன் கைவிட்டார்கள்? 1955 மார்ச் 2 அன்று, பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, அதே ஊரில் இருக்கையை விட மறுத்துக் கைதான 15 வயது மாணவி அவர். மேல்முறையீட்டில் பிரிவினைச் சட்டக் குற்றச்சாட்டு விலக்கப்பட்டு, போலீஸைத் தாக்கியதாகச் சொன்ன வழக்கு மட்டும் நின்றது. ஆகவே சட்டத்தையே எதிர்க்க அந்த வழக்கு உதவாது என்பது ஒரு நியாயமான காரணம். ஆனால் வயது குறைவு, ஏழைக் குடும்பம், பெரியவர்கள் எதிர்பார்த்த அடக்கம் இல்லை என்பவையும் கணக்கில் வந்தன. அது தவறு. ஏற்பாட்டாளர்களின் கணக்கு சிலரை ஓரங்கட்டும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். என்றாலும் பிரிவினையை ஒழித்த வழக்கை இறுதிவரை நடத்திய நான்கு பெண்களில் ஒருவர் அதே கால்வின். நீதிமன்றத்தில் திடமாகச் சாட்சியும் சொன்னார். அவரது பழைய கைதுப் பதிவு அழிக்கப்பட்டது 2021-ல்.

381 நாட்கள் கழித்து, 1956 டிசம்பர் 21 அன்று, மான்ட்கோமரி மக்கள் முன்வாசலில் ஏறி விரும்பிய இடத்தில் உட்கார்ந்தார்கள்.

உங்கள் ஊரில் ஓர் உரிமைக்காக யாரேனும் கூட்டம் போட்டால், மேடையில் பேச ஆள் கிடைத்துவிடும். வண்டி ஓட்டவும், கணக்கு எழுதவும், வருகிறவர்களுக்குச் சமைக்கவும் உங்கள் பெயரைக் கொடுங்கள்.