காணாத பிள்ளையைத் தேடுவது யார்?



12 வயதில் சேசுபாலன் காணாமற்போனபோது, தேவமாதாவும் அர்ச். சூசையப்பரும் ஒரு நாள் வழி திரும்பி நடந்து, தேடி, மூன்றாம் நாள் கண்டடைந்தார்கள்.

நம் ஜவளகிரி, தளி, அஞ்செட்டிப் பக்கங்களில் ஒரு சிறுமி பள்ளிக்கு வராமல் நின்றுவிட்டால் தேடுவது யார்? சில வேளை, தேடுமுன்னே அவள் கழுத்தில் தாலி ஏறிவிடுகிறது. 18 வயதுக்கு முன் பெண்ணுக்கு மணம் முடிப்பது 2006-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கவனிக்கவே ஊராட்சிதோறும் குழந்தைகள் பாதுகாப்புக் குழு உண்டு. அது கூடியதா, எத்தனை பிள்ளைகளைத் தேடிற்று என்று அக்டோபர் 2 கிராம சபையில் எழுந்து கேளுங்கள். சிறுமிக்குக் கலியாணப் பேச்சென்று காதில் விழுந்தால் அன்றே 1098-க்குச் சொல்லுங்கள்.

அயல்வீட்டுக் காரியமென்று மௌனமாயிருப்பதும் பாவமே. சூசையப்பர் ஒரு நாள் வழி திரும்பி நடந்தார்; நாம் ஒரு தெரு நடக்கலாகாதா?