தாழிட்ட கதவு

சாவைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட முடியுமா? எட்கர் ஆலன் போ 1842-இல் வெளியிட்ட ‘செஞ்சாவின் முகமூடி’ என்னும் சிறுகதை எழுப்பும் வினா இது.

கொள்ளைநோய் நாட்டைப் பாதி அழித்த வேளையில், இளவரசன் பிராஸ்பெரோ ஆயிரம் நண்பர்களோடு மதில் சூழ்ந்த மடம் ஒன்றில் புகுந்து, தாழ்ப்பாள்களை உருக்கி ஒட்டிவிடுகிறான். உள்ளே ஆடலும் பாடலும், வெளியே சாவு. சில திங்கள் கழித்து ஏழு வண்ண அறைகளில் முகமூடி விருந்து. நள்ளிரவில் நோயின் கோலத்தில் ஒருவன் நிற்கிறான்; அவ்வுடைக்குள் உருவமே இல்லை. அனைவரும் மடிகின்றனர். வளம் என்னும் பொருள்படும் பெயரினனுக்கு, காக்கக் கட்டிய மதிலே கல்லறையாயிற்று.

நமக்கும் இக்கதை புதிதன்று. ஏழு நாளில் பாம்பு தீண்டும் என்ற சாபம் பெற்ற பரீட்சித்து, ஒற்றைத் தூண் மாளிகையில் காவலோடு ஒளிந்ததாகப் பாரதம் கூறும். தட்சகன் கனிக்குள் புழுவாய் வந்தான். பாகவதமோ, அவன் அரசு துறந்து கங்கைக் கரையில் அமர்ந்து சுகரிடம் அறம் கேட்டதாகக் கூறும். இரண்டிலும் மன்னன் மாண்டான். எனினும் எஞ்சிய ஏழு நாளை ஒன்றில் அச்சம் ஆண்டது; மற்றொன்றில் அறிவு ஆண்டது.

அவ்வாறாயின் கதவடைப்பதே குற்றமா? அன்று. தொற்றுநோய்க் காலத்தில் விலகியிருத்தல் அறிவுடைமையே. வெளியே நிற்பவனை மறப்பதே குற்றம்.

2020-ஆம் ஆண்டை எண்ணிப் பார்ப்போம். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டபின், நம் கோலார் தங்கவயல் மக்கள் பல்லாயிரவர் நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறியே பிழைத்தனர். அவ்வாண்டு மார்ச்சில் ரயில்கள் நின்றன. அரசுப் பணியிலிருந்த நம் போன்றோர்க்குச் சம்பளம் நிற்கவில்லை. கதவடைத்து அமைதியாக இருந்தோம். அடுத்த லைன் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று கேட்கப் பல நாட்கள் நமக்குத் தோன்றவில்லை. பிராஸ்பெரோ அயலான் அல்லன் என்பதை அன்று உணர்ந்தோம்.

பாறை வெடிக்கக் கூடும் என அறிந்தே கூண்டேறி ஆழத்தில் இறங்கியவர்களின் வழித்தோன்றல்கள் நாம். ஒருவர் மண்ணில் சிக்கினால் மீட்கப் பலர் இறங்கினர். சாவை அவர்களும் வென்றாரில்லை. ஆயினும் உடன் உழைத்தவனைத் தனியே சாக விட்டாரில்லை. அக்கதவு திறந்தே இருக்கட்டும்.