கற்ற மொழியின் கடன்

சென்ற ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாவலூர் ஏரிப் பக்கம் உலாவிவிட்டு வீடு திரும்பியபோது, எதிர் வீட்டு நண்பர் என் வாசல் நாற்காலியில் காத்துக் கொண்டிருந்தார். தபால் இலாகாவில் உத்தியோகம். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. அதிகம் பேசாதவர். அன்று அவர் முகத்தில் கோபமும் கவலையும் கலந்து தெரிந்தன.

"சார், என் பெண்ணுக்கு நீங்கள்தான் புத்தி சொல்லணும். சீனாவுக்குப் போய்ப் படிக்கப் போகிறாளாம். சீன பாஷை, அவர்களுடைய வியாபாரம், பண்பாடு எல்லாம் சேர்த்து ஒரு வருஷப் படிப்பாம். உபகாரச் சம்பளத்துக்கு மனுவும் போட்டுவிட்டாள்!"

பெண் பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அவர் மறுத்ததற்குக் காரணங்கள் உண்டு. அவருடைய தம்பி ராணுவத்தில் இருந்தவர். லடாக்கில் மூன்று குளிர்காலம் காவல் காத்தவர். 2020 ஜூன் மாதம் கல்வான் பள்ளத்தாக்கில் நம் வீரர்கள் இருபது பேர் உயிர் துறந்தார்கள். அவர்களில் ஒருவர் நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். அந்தச் செய்தி வந்த அன்று இவர் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. மேலும், கொரோனாவுக்குப் பயந்து சீனாவிலிருந்து ஊர் திரும்பிய மருத்துவ மாணவர்கள் 2022 வரை மறுபடி கல்லூரிக்குப் போக முடியாமல் தவித்ததையும் அவர் பத்திரிகையில் படித்திருந்தார்.

ஆனால் அவர் மனத்தை உறுத்தியது வேறொன்று. "யுவான் சுவாங் மாதிரி ஞானத்துக்காகப் போகிறேன் என்றால் வேண்டாமென்பேனா, சார்? இவள் சம்பளத்துக்காகப் போகிறாள். சண்டைக்காரன் பாஷையைக் காசுக்காகப் படிப்பதா?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் பேசியபோது என் தலை தானாகவே ஆடியது. மொழியைக் கலைமகளின் வடிவம் என்று மேடையில் பேசிப் பழகியவன் நான். அதை விலைச்சீட்டோடு சேர்த்து நினைக்க எனக்கும் கூசியது.

மறுநாள் அந்தப் பெண் வந்தாள். புத்தி சொல்ல ஆயத்தமாக உட்கார்ந்திருந்த என்னிடம் அவள் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டாள்.

"சீனத்தில் 'மை' என்று ஒரு சொல் இருக்கிறது, மாமா. குரல் தாழ்ந்து பிறகு எழுந்தால் 'வாங்கு' என்று அர்த்தம். சட்டென்று இறங்கினால் 'வில்' என்று அர்த்தம். குரல் தப்பினால் வியாபாரமே தலைகீழ்!"

நானும் சொல்லிப் பார்த்தேன். ஐந்து தடவையும் விற்றேனே தவிர, ஒரு தடவைகூட வாங்க முடியவில்லை. அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை அடக்கிக் கொண்டு கேட்டாள்:

"பிழைப்புக்காக ஒரு மொழியைப் படிப்பது பாவமா, மாமா? அப்பா அப்படித்தான் நினைக்கிறார். நீங்கள் சொல்லுங்கள்."

வாய் திறந்தேன், வார்த்தை வரவில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு காட்சி குறுக்கே வந்து நின்றது.

கல்லூரிப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு, தாம்பரத்தில் ஒரு ஜவுளிக் கடையில் விற்பனையாளனாக இருந்தேன். தெலுங்கு பேசும் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்ததால் அந்த மொழி எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு நாள் ஆந்திரப் பக்கத்துத் தம்பதியர், வயதானவர்கள், மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தார்கள். விலையைக் கேட்டதும் தங்களுக்குள் தெலுங்கில் பேசிக் கொண்டார்கள். கையில் எவ்வளவு இருக்கிறது, ரயிலுக்கு எவ்வளவு வேண்டும், எதுவரை போகலாம் என்று கணக்குப் போட்டார்கள். நான் புடவையை மடிப்பதுபோல் குனிந்து கொண்டு முழுவதையும் கேட்டேன். ரயிலுக்கு மட்டும் மிஞ்சும்படியாக விலையில் உறுதியாக நின்றேன். முதலாளி அன்று மாலை என் முதுகில் தட்டிக் கொடுத்தார். அந்த அம்மாள் போகும்போது, தெரிந்த நாலு தமிழ் வார்த்தைகளைக் கோத்து, "நல்லா இரு, தம்பி" என்று வாழ்த்திவிட்டுப் போனாள்.

அந்த வாழ்த்து இன்றும் என்னைக் குத்துகிறது. நான் தெலுங்கைக் காசுக்காகக் கற்கவில்லை. கள்ளமில்லாமல், தெருவில் பிள்ளைகளோடு விளையாடிக் கற்றேன். கற்ற நோக்கம் தூய்மையாக இருந்தும் என்ன பயன்? அதைக் கொண்டு செய்த காரியம் தூய்மையாக இல்லையே!

அப்படியானால் நண்பர் போற்றிய யுவான் சுவாங்கின் கதை என்ன? அவர் நாளந்தாவில் வடமொழி பயின்றார். 640-ஐ ஒட்டி நம் காஞ்சிபுரம் வரைக்கும் வந்தார். 645-இல் 657 சுவடிகளோடு சீனா திரும்பினார். அரசன் பதவி கொடுக்க முன்வந்தபோது வேண்டாமென்றார். ஆனால் மேற்கு நாடுகளைப் பற்றி எழுதித் தரும்படி அதே அரசன் கேட்டபோது எழுதிக் கொடுத்தார். எந்த நாட்டில் என்ன விளைகிறது, எந்த அரசன் எப்படிப்பட்டவன் என்பதெல்லாம் அதில் உண்டு. ஓர் அரசன் அதை வெறும் ஞானத்துக்காகவா கேட்டிருப்பான்? துறவியின் கல்வியிலும் அரசனின் கணக்கு கலந்துதான் இருந்தது. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கன்னிங்ஹாம் என்ற ஆங்கிலேயர் அந்த நூலைக் கையில் வைத்துக் கொண்டுதான், நாமே மறந்துவிட்ட பௌத்தத் தலங்களைத் தேடிக் கண்டுபிடித்தார். நம்மிடம் கற்றவர் எழுதிவைத்தது ஆயிரத்திருநூறு வருஷம் கழித்து நமக்கே திரும்பி வந்தது.

வியாபாரிகளும் சளைத்தவர்களல்லர். சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ஆம் வருஷத்துத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. நம்மவர் ஒருவர் அங்கே சிவபெருமானை எழுந்தருளச் செய்து, அந்நாட்டை ஆண்ட மங்கோலியப் பேரரசரின் நலத்துக்காக வேண்டிக் கொண்டார் என்கிறது அந்தக் கல். பிழைக்கப் போன இடத்தில், அந்த மண்ணும் நன்றாக இருக்கட்டும் என்று நினைக்கும் மனம் அவருக்கு இருந்திருக்கிறது.

இன்னொரு கல் இலங்கையில், கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1409-ஆம் வருஷத் தேதியிட்டது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டு வந்தது. 1911-இல் காலி நகரில் வடிகாலை மூடிய பலகைக் கல்லாகக் கிடந்தபோது கண்டெடுத்தார்கள். அதில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். சீன எழுத்து புத்தரைத் துதிக்கிறது. தமிழ் எழுத்து திருமாலாகிய தேனாவரை நாயனாரைத் துதிக்கிறது. பாரசீக எழுத்து இஸ்லாமிய மரபைப் போற்றுகிறது. மூவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் பொன்னும் வெள்ளியும் பட்டும் காணிக்கை.

இது மரியாதையா, தந்திரமா? ஆளுக்கு ஏற்றபடி பேசும் சாமர்த்தியம் என்று சொல்லலாம். அதிலும், 1411-க்குள் அதே செங் ஹே இலங்கையில் போர் செய்து, அரசர் ஒருவரைச் சிறைபிடித்துக் கொண்டு போனார் என்பதும் சரித்திரம். ஆகவே, பிறர் மொழி தெரிந்தவனெல்லாம் நல்லவன் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று: மூன்று மொழிகளும் ஒரே கல்லில், ஒரே வெயிலில் நின்றன. யாருக்கு என்ன சொன்னோம் என்பதை மற்றவர்களும் படித்துப் பார்க்கலாம். ஒளிவு மறைவு இல்லை. குனிந்து புடவை மடித்த எனக்கும் அந்தக் கல்லுக்கும் அதுதான் வித்தியாசம்.

1962-இல் எல்லையில் யுத்தம் நடந்தது. அதே வருஷத்தில்தான் அயல்நாட்டு மாணவர்களுக்குச் சீனம் கற்பிக்கும் கல்லூரியொன்று பீகிங்கில் தோன்றியது; இன்று அது பெய்ஜிங் மொழி, பண்பாட்டுப் பல்கலைக்கழகம். மறு வருஷம், 1963 ஆகஸ்டில், பீகிங் வானொலி தமிழில் பேச ஆரம்பித்தது. சீனர்கள் தமிழ் கற்று, தமிழ்ப் பெயர்கள் சூட்டிக் கொண்டு பேசினார்கள். அது பிரசாரம் என்பது கேட்டவர்களுக்குத் தெரியும். "இது பீகிங்" என்று சொல்லிக் கொண்டுதானே பேசினார்கள்? பின்னாளில் நம் ஊர்களில் நேயர் மன்றங்கள் முளைத்தன, கடிதங்கள் போயின, பதில்கள் வந்தன. பிரசாரத்துக்காகக் கற்ற தமிழில் சிநேகம் புகுந்துகொண்டது.

வியாபாரத்தில் எல்லாவற்றையும் திறந்து சொல்ல முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். முடியாதுதான். என் சரக்கின் அடக்க விலையை நான் சொல்லாமலிருக்கலாம், அது என்னுடையது. ஆனால் தம் பேச்சு எனக்குப் புரியாது என்று நம்பி ஒருவர் பேசுவதை ஒட்டுக் கேட்டு லாபம் பார்ப்பது வியாபாரமல்ல, திருட்டு. மொழி கற்றவனுக்கு ஒரு கடன் உண்டு. 'நீங்கள் பேசுவது எனக்குப் புரிகிறது' என்று அவன் முதலில் சொல்லிவிட வேண்டும். அதைச் சொன்ன பிறகு சம்பளமும் வாங்கலாம், லாபமும் பார்க்கலாம்.

இதை நண்பரிடம் சொன்னபோது அவர் பதில் பேசவில்லை. இரண்டு நாள் கழித்துத் தம்பியோடு தொலைபேசியில் பேசினாராம். "என்ன சொன்னார்?" என்று கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: "'அந்தப் பனியில் எதிரே நிற்பவன் என்ன கத்துகிறான் என்று சொல்ல எங்களோடு ஓர் ஆள் இருந்தால் எத்தனையோ தேவலாமாயிருந்தது, அண்ணா' என்றான்."

மனுவுக்குப் பதில் இன்னும் வரவில்லை. நேற்று மாலை தகப்பனும் மகளுமாக வந்திருந்தார்கள். என் தெலுங்குக் கதையை அந்தப் பெண்ணிடம் மறைக்காமல் சொன்னேன். எழுத்தாளர் மாமாவைப் பற்றிய அவள் மதிப்புக் குறைந்திருக்கும், குறையட்டும்.

"எங்கே போனாலும், 'உங்கள் மொழி எனக்குப் புரியும்' என்பதை முதலில் சொல்லிவிடு, அம்மா" என்றேன்.

அவள் அதைச் சீனத்திலேயே சொல்லிக் காட்டினாள். குரல் எழுந்ததும் இறங்கியதும் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக் கொண்டிருந்த நண்பர் மெதுவாகத் திரும்பினார்.

"இன்னொரு தரம் சொல்லு" என்றார்.