150 நியூட்டனைக் கண்டு பயப்படாதே!

"எனக்கு ஃபிசிக்ஸ் வராது." தம்பி, தங்கையே, இந்த மூன்று சொல்லையும் இன்றோடு விட்டொழி! சாதாரண நிலைத் தேர்வுக்குப் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் விசை, முடுக்கம் என்றதும் முகம் வாடுவதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. வராது என்று உனக்கு யார் சொன்னது? போன தேர்வின் மதிப்பெண்ணா? அது போன தேர்வோடு முடிந்தது!

நீ தினமும் இந்தப் பாடத்துக்குள்தான் நடமாடுகிறாய். லிட்டில் இந்தியா நிலையத்தில் வடகிழக்குத் தட ரயிலில் ஏறுகிறாய். 2003இல் ஓடத் தொடங்கிய நாள் முதல் அந்தத் தடத்தில் ஓட்டுநர் இல்லை. வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கணினி. வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வரும் வண்டி 20 வினாடியில் நிற்கிறது என்று வைத்துக்கொள். ஒவ்வொரு வினாடியும் வேகத்தில் வினாடிக்கு 1 மீட்டர் குறைகிறது. உன் நிறை 50 கிலோ என்றால், உன்னை நிறுத்த 50 நியூட்டன் விசை வேண்டும். காலடித் தரையும் நீ பிடித்திருக்கும் கம்பியும் அதைப் பின்னோக்கித் தருகின்றன. நீயோ முன்னால் சாய்கிறாய். அப்படியானால் முன்னால் தள்ளுவது யார்? யாருமில்லை! உன் உடல் பழைய வேகத்திலேயே போகப் பார்க்கிறது, அவ்வளவுதான். இது விளங்கியவனுக்குப் பாதிப் பாடம் முடிந்தது.

பிறகு ஏன் தேர்வில் கை நடுங்குகிறது? கேள்வியைப் படித்ததும் சூத்திரத்தைத் தேடி ஓடுகிறாய். அங்கேதான் தடுக்கி விழுகிறாய்.

இதோ ஒரு கணக்கு: தேக்கா சந்தையில் வெங்காய மூட்டை ஏற்றிய இரண்டு தள்ளுவண்டிகளைக் கயிற்றால் இணைத்து ஒருவர் இழுக்கிறார். முன்வண்டி 40 கிலோ, பின்வண்டி 20 கிலோ. இழுக்கும் விசை 150 நியூட்டன். உராய்வு முன்வண்டிக்கு 20 நியூட்டன், பின்வண்டிக்கு 10. இடையில் உள்ள கயிற்றின் இழுவிசை எவ்வளவு? விசைகளைப் படமாக வரைந்து பார்க்காதவன் சட்டென்று 150 என்று எழுதிவிடுவான். அந்த 150 பின்வண்டியைத் தொடவே இல்லையே!

பென்சிலை எடு. முதலில் இரண்டையும் ஒன்றாகப் பார். 150இல் உராய்வு 30 போக மிச்சம் 120 நியூட்டன், மொத்த நிறை 60 கிலோ, முடுக்கம் 2. இப்போது பின்வண்டியை மட்டும் தனியே வரை. முன்னால் இழுப்பது கயிறு, பின்னால் இழுப்பது 10 நியூட்டன் உராய்வு. 20 கிலோவுக்கு முடுக்கம் 2 கிடைக்க நிகர விசை 40 வேண்டும். கயிறு 50 நியூட்டனில் இழுக்கிறது. நின்றுவிடாதே, முன்வண்டியையும் வரை: 150இல் கயிற்றுக்கு 50, உராய்வுக்கு 20 போனால் 80, நிறை 40, முடுக்கம் அதே 2! ஆசிரியர் திருத்தும் முன்பே உன் விடை சரியென்று உனக்கே தெரிந்துவிட்டது. ஊரெல்லாம் பேசும் தன்னம்பிக்கை இந்த இடத்தில்தான் பிறக்கிறது. மேடைப் பேச்சைக் கேட்டு வருவதில்லை.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1983இல் நோபல் பரிசு வாங்கினார். அதற்குப் பிறகும் ஓய்ந்தாரா? எண்பது வயதில், நியூட்டன் 1687இல் வெளியிட்ட பிரின்சிப்பியாவைக் கையில் எடுத்தார். அதில் உள்ள தேற்றங்களுக்கு முதலில் தாமே நிரூபணம் எழுதிப் பார்த்து, அதன் பிறகே நியூட்டன் எழுதியதோடு ஒப்பிட்டார். அந்த உழைப்பு 1995இல் நூலாக வந்தது. அந்த ஆண்டே அவர் மறைந்தார். நோபல் பரிசு பெற்றவரே விடையைப் பார்க்காமல் தாமே போட்டுப் பார்த்தார். நீ ஏன் மூன்றாவது வரியிலேயே பின்பக்கத்து விடையைப் புரட்டுகிறாய்?

நீ தனி ஆளும் இல்லை. நம் பிள்ளைகள் கணக்கில் பின்தங்குகிறார்களே என்ற கவலையில்தான் 1991இல் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா தொடங்கப்பட்டது. பீட்டி சாலையில் இருக்கிறது அதன் அலுவலகம். வேலைக்குப் போகும் இந்தியர்களின் சம்பளத்திலிருந்து மாதாமாதம் ஒரு தொகை அந்த நிதிக்குப் போகிறது. முகம் தெரியாத அக்காக்களும் அண்ணன்களும் உனக்காகக் கொடுக்கும் வெள்ளி அது. சிண்டாவின் துணைப்பாட வகுப்பில் கூச்சப்படாமல் கையைத் தூக்கு, புரியவில்லை என்று கேள்! பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை: பிள்ளையின் காதுபட "இவனுக்கு இது ஏறாது" என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல்லின் பாரத்தை எந்தச் சூத்திரமும் குறைக்காது.

இன்றிரவு உன் புளோக்கின் மின்தூக்கியில் ஏறும்போது ஒரு கணக்கை மனத்தில் எடுத்துக்கொண்டு போ. உன் நிறை 50 கிலோ, புவியீர்ப்பு முடுக்கம் 10, மின்தூக்கி மேல்நோக்கி 1 முடுக்கத்தில் கிளம்புகிறது. தரை உன்னை எவ்வளவு விசையோடு தாங்குகிறது? வீட்டுக்குப் போனதும் படம் வரை, அம்புக்குறி போடு. 550 நியூட்டன் வரும்வரை மேசையை விட்டு எழுந்திருக்காதே!