முன்னிலை

இலக்கணத்தில் நான், அவன் இரண்டுக்கும் நடுவில் இருப்பது முன்னிலை: நீ. நோட்டரியின் ரப்பர் ஸ்டாம்பிலும் இதே சொல்தான், 'என் முன்னிலையில்' என்று. சட்டக்காரர்கள் இலக்கணத்தை நினைத்து இதை எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்த அர்த்தத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

நோட்டரி எதற்குச் சான்று தருகிறார்? பிரமாணப் பத்திரத்தில் கண்டது உண்மை என்பதற்கு இல்லை. உள்ளே எழுதியது முழுக்கப் பொய்யானாலும் முத்திரை மெய்யாகவே இருக்கும். இன்னார் வந்தார், தம்மை இன்னாரென்று நிறுவினார், கையெழுத்திட்டார். அவ்வளவே.

இதில் 'இன்னார்' என்பது படர்க்கையின் காரியம். அதற்கு ஆள் எதிரில் இருக்க வேண்டுமென்றுகூட இல்லை. பெரியபுராணத்தில் வெண்ணெய்நல்லூர்ச் சபையார், சுந்தரரின் பாட்டனார் எழுதிக்கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஆளோலையை, அவர் கைப்பட எழுதிய வேறோர் ஓலையோடு ஒப்பிட்டு வழக்கை முடித்துவிடுகிறார்கள். பாட்டனார் அங்கே இல்லை. (வழக்காடிய கிழவரின் வீடு எங்கே என்ற கேள்வி தீர்ப்புக்குப் பிறகுதான் எழுகிறது. சபைகளின் சுபாவம் அது.)

இந்தக் காரியத்தை இன்று இயந்திரம் சபையாரைவிட நன்றாகவே செய்யும். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலம் 2011-இல் சட்டம் இயற்றி, 2012 முதல் வீடியோவில் தோன்றினால் போதும் என்றது. 2020-இல் கொள்ளைநோயின்போது பல மாநிலங்கள் அவசர ஆணைகளால் அதே வழிக்கு வந்தன. அடையாள அட்டையை மென்பொருள் சோதிக்கிறது. பழைய முகவரி, பழைய கடன் என்று கேள்விகள் வருகின்றன. நடந்தது முழுதும் பதிவாகிறது. இங்கே 1952-ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டத்தின் கீழ், கோர்ட் வாசல்களில் நடப்பதை அறிவோம். குமாஸ்தா கொண்டுவரும் கட்டில், ஏற்கெனவே கையெழுத்தான தாள்களின்மீது, தலைநிமிராமல் முத்திரை விழுவதைப் பார்க்காதவர் யார்? ஆகவே திரை வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது என்ற புலம்பலில் எனக்கு ஒப்புதலில்லை. இரண்டடி தூரத்தில் நிற்பவரையும் படர்க்கையாக்கிவிட நமக்குத் திரை தேவைப்பட்டதில்லை.

தொலைபேசியிலும் 'நீங்கள்' என்றுதானே பேசுகிறோம், அது பொய்யா என்று கேட்கலாம். பொய்யில்லை. தூரத்தால் மட்டும் முன்னிலை அழிந்துவிடாது. சங்கடம் வேறிடத்தில் இருக்கிறது.

தன் பணங்காசைக் கையாளும் அதிகாரத்தை மகனுக்கு எழுதிக்கொடுக்க ஒரு முதியவள் வருகிறாள் என்று வையுங்கள். மகனே கூட்டிவருகிறான், கேட்டதற்கு அவனே பதிலும் சொல்கிறான். எதிரில் இருக்கும் நோட்டரி, மனமிருந்தால், "தம்பி, நீங்க கொஞ்சம் வெளியே இருங்க" என்று சொல்லலாம். கதவைச் சாத்திவிட்டு, "இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமாம்மா?" என்று கேட்கலாம். அந்த ஒரு நிமிஷத்தில் அவள் 'நீ' ஆகிறாள். வேண்டாம் என்று சொல்லக்கூடியவள் ஆகிறாள். திரையில் முகம் தெரிகிறது, அறை தெரிவதில்லை. ஃப்ளோரிடாவின் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இதை உணர்ந்திருக்கிறது. உயில் போன்ற ஆவணங்களில், அறையில் உங்களோடு இருப்பவர்கள் யார் யார் என்று இணையவழி நோட்டரி கேட்க வழி செய்கிறது. கேள்வி சரிதான். அந்தப் பதிலையும் அறையில் இருப்பவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

நமது 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் உயிலைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்தியது. 2022-இல் வேறு சில விலக்குகள் தளர்ந்தபோதும் உயில் வெளியேதான் நின்றது. பழமைப் பிடிவாதம் என்று தள்ளிவிடலாம். ஆனால் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தைப் பாருங்கள். உயிலுக்கு நோட்டரி வேண்டியதில்லை, குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். எழுதியவர் கையெழுத்திடுவதைச் சாட்சி பார்த்திருக்க வேண்டும், அல்லது அது தம் கையெழுத்தென்று அவரே சொல்லக் கேட்டிருக்க வேண்டும். அதோடு விடவில்லை. ஒவ்வொரு சாட்சியும் எழுதியவரின் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். படுக்கையில் கிடப்பவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். சாட்சி பேனாவைத் திறந்து தன் பெயரை எழுதுகிறார்.