நேர்த்திக்கடன் கப்பலும் மடக்குப் படகும்

மூன்று உடல் கொண்ட பாய்மரப் படகுக்கு அகலம்தான் பலம், தொல்லையும் அதேதான். நடுவில் ஓர் ஓடம், இரு பக்கமும் மெலிந்த மிதவைகள், அவற்றை ஓடத்தோடு சேர்க்கும் குறுக்குக் கைகள். டிரைமரன் என்கிறார்கள். அடியில் ஈயப் பாரம் கட்டாமலே அது காற்றை எதிர்த்து நிமிர்ந்து நிற்பது இந்த அகலத்தால்தான். ஆனால் படகுத்துறையில் இடம் பிடிக்கும்போதும், நெடுஞ்சாலையில் ட்ரெய்லரில் இழுத்துப் போகும்போதும் அதே அகலம் குறுக்கே நிற்கும். நியூஸிலாந்துக்காரரான இயன் ஃபாரியர் 1970களில் ஆஸ்திரேலியாவில் இருந்தபடி இதற்கு வழி கண்டார்: கைகளை மடக்கிவிடுவது. அந்த யோசனையை நம்பி, வால்மார்ட் குடும்பத்து ஜான் வால்டன் 1984இல் கலிஃபோர்னியாவின் சுலா விஸ்டாவில் கோர்சேர் மரைன் நிறுவனத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு வந்த எஃப்-27 படகின் நீளம் சுமார் 8.2 மீட்டர். விரித்தால் அகலம் 5.8 மீட்டர், மடக்கினால் 2.6 மீட்டருக்குள் அடங்கிவிடும்.

மடக்குவது பெரிய வித்தை இல்லை. ஒவ்வொரு கைக்கும் ஒரு போல்ட். நான்கையும் கழற்றிவிட்டு இழுத்தால் கைகள் செங்குத்தாக எழும்பும். மிதவை தண்ணீரிலேயே கால் சுற்றுத் திரும்பி ஓடத்தின் விலாவோடு ஒண்டிக்கொள்ளும். அதுவரை வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்த மிதவையின் பக்கச்சுவர் இப்போது கீழ்நோக்கித் தண்ணீருக்குள் போய்விடும். வம்பு அங்கேதான். பாசி பிடிக்காமல் இருக்கப் பூசும் செம்புப் பெயின்ட் மிதவையின் அடிவயிற்றுக்கு மட்டும்தான். பளபளக்கும் பக்கச்சுவருக்குக் கிடையாது. மடக்கியபடியே துறையில் விட்டு வைத்தால் முதலில் வழவழப்பு, பிறகு பாசி, அதன் பின்னால் கொட்டலசு. டென்மார்க்கின் குவோர்னிங் குடும்பத்தார் கட்டும் டிராகன்ஃபிளை படகுகளில் மிதவை நிமிர்ந்த நிலையிலேயே பின்னோக்கி மடங்குவதால் இந்தச் சங்கடம் இல்லை. பதிலுக்கு, மடக்கினால் அந்தப் படகின் நீளம் கூடிவிடும். சும்மா எதுவும் கிடைப்பதில்லை.

பாய்மரத்தை இருபுறமும் இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் ஃபாரியர் படகில் மிதவைகளில் போய் முடிகின்றன. மிதவை மடங்கியதும் அவை தொய்ந்துவிடும். பாய்மரத்தைத் துறையில் நிறுத்தியே வைக்க வேண்டுமானால் வேறு கம்பிகள் தாங்க வேண்டும். ஆக, மடங்கிக் கிடக்கும் டிரைமரனில் எல்லா உறுப்புகளும் இருக்கின்றன. ஓர் உறுப்பும் தன் வேலையைச் செய்யவில்லை.

பத்திருபது ஆண்டுகள் இப்படி ஒரு படகை வைத்திருப்பவர் அதன் கம்பிகளை மாற்றியிருப்பார். பாய்கள் போயிருக்கும். ஓடத்துக்கும் மிதவைக்கும் நடுவே கட்டியிருக்கும் வலை வெயிலில் நைந்து புது வலை வந்திருக்கும். எஞ்சின், கயிறு, கப்பி, சில சமயம் பாய்மரமே மாறியிருக்கும். இது அதே படகுதானா?

அமெரிக்க அரசு இதற்கு ரொம்பச் சுலபமாகப் பதில் சொல்லிவிடும். 1972 நவம்பர் முதல் அங்கே கட்டப்படும் ஒவ்வொரு படகின் பின்சுவரிலும், வலப்பக்க மேல் மூலையில், 12 எழுத்து கொண்ட அடையாளக் குறி இருக்க வேண்டும். பதிவேட்டைப் பொறுத்தவரை படகு என்பது அந்தக் குறிதான். கிரேக்கர்களுக்கு இந்த வசதி இருக்கவில்லை.

தத்துவ வகுப்புகளில் தேய்ந்துபோன உதாரணம் ஒன்று உண்டு: கிரேக்கப் புராண வீரன் தீசியஸின் கப்பல். கிரீட் தீவிலிருந்து ஏதென்ஸ் இளைஞர்களை மீட்டு வந்த முப்பது துடுப்புக் கப்பலை ஏதென்ஸ்காரர்கள் உளுத்த பலகையைக் கழற்றிப் புதுப் பலகை அடித்தே காப்பாற்றி வந்தார்கள். கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட ஃபலேரம் டெமெட்ரியஸ் காலம் வரை அது இருந்தது என்று பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூடார்க் எழுதியிருக்கிறார். அதே கப்பல்தான் என்று ஒரு சாராரும், இல்லை என்று மறு சாராரும் வாதாடினார்களாம். வகுப்பில் இதோடு நிறுத்திவிடுவார்கள். ஏதென்ஸ்காரர்கள் ஏன் அத்தனை சிரமப்பட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

அது நேர்த்திக்கடன். இளைஞர்கள் உயிரோடு திரும்பினால் ஆண்டுதோறும் டெலோஸ் தீவுக்குத் தூது அனுப்புகிறோம் என்று அப்பல்லோ தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டிருந்தார்கள். அந்தத் தூதை ஏற்றிப் போனது தீசியஸின் கப்பலே என்று ஊரார் நம்பினார்கள். அப்பல்லோவின் பூசாரி கப்பலின் பின்புறத்துக்கு மாலை சூட்டிய நாள் தொட்டு அது திரும்பி வரும் வரை நகரம் தூய்மை காக்க வேண்டும். மரண தண்டனை எதையும் நிறைவேற்றக் கூடாது. கி.மு. 399இல் சாக்ரடீஸுக்குத் தண்டனை விதிக்கப்படுவதற்கு முந்தைய நாள்தான் மாலை சூட்டியிருந்தார்கள். கப்பல் திரும்பும் வரை அவர் சிறையில் இருந்தார். முப்பது நாள் என்கிறார் அவருடைய மாணவர் செனோஃபன். சிறையில் நடந்த கடைசி உரையாடல்களுக்கு நேரம் கிடைத்தது அந்தப் பழுதுபார்த்த பலகைகளால்தான். இது அதே கப்பல்தானா என்பது அந்த மாதத்தில் ஏதென்ஸில் வெறும் புதிராக இருந்திருக்க முடியாது.

அப்பல்லோவை எடுத்துவிட்டுப் பலகைகளை மட்டும் வைத்துக்கொண்டவர்கள் பின்னால் வந்தார்கள். 1655இல் ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் கேள்வியை இன்னும் இறுக்கினார்: கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்து வைத்து, அதே வரிசையில் இன்னொரு கப்பல் கட்டினால் எது தீசியஸுடையது? கூர்மையான கேள்விதான். படகுத்துறைகளில் இது பாதி நிஜமாகவே நடக்கிறது: ஒருவர் கழற்றிய பாய்மரம் இன்னொருவர் படகில் ஏறுகிறது, பழைய பாய் விலைக்குப் போகிறது. அங்கே யாரும் தத்துவத்தில் இறங்குவதில்லை. எந்தப் படகுக்கு யார் பொறுப்பு என்பது எல்லாருக்கும் தெரியும்.

பொருள் போனால் போகட்டும், அமைப்புதான் ஒன்றை அதுவாக வைத்திருக்கிறது என்பார்கள் அரிஸ்டாட்டில் வழியினர். சாதாரணக் கப்பலுக்கு இது சரிப்படும். மடக்குப் படகோ வாரந்தோறும் தன் அமைப்பையே மாற்றிக்கொள்கிறது. 5.8 மீட்டரில் அது டிரைமரன், 2.6 மீட்டரில் தள்ளாடும் ஒல்லி ஓடம். அரிஸ்டாட்டிலே இதற்கும் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார். ஆன்மாவைப் பற்றிய நூலில், அறிவு உள்ளவன் அதைப் பயன்படுத்துவது விழிப்பைப் போல, பயன்படுத்தாமல் வைத்திருப்பது தூக்கத்தைப் போல என்று பிரிக்கிறார். மடங்கிய படகு தூங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் தூக்கத்திலிருந்து எழும் திறமை போய்விட்டால்? மூட்டு ஊசி உப்பேறி இறுகி, போல்ட்டின் புரி தேய்ந்து, கை விரிய மறுத்தால், அது பெயரளவில்தான் டிரைமரன். பார்வை இல்லாத கண் பெயரளவில்தான் கண் என்று அதே நூல் சொல்கிறது. கைகள் இன்னமும் விரியுமா என்பதைத் தெரிந்துகொள்ள விரித்துப் பார்ப்பதைத் தவிர வழி இல்லை. பல துறைகளில் ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடக்கும் படகுகளைப் பார்த்தால், தூக்கம் எங்கே முடிந்தது என்று சொல்வது கடினம்.

இன்னொரு கிரேக்கரையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். வடமேற்கு இந்தியாவை ஆண்ட மெனாண்டர், பாலி நூலில் மிலிந்தர், பௌத்த பிக்கு நாகசேனரிடம் வாதம் செய்கிறார். ஏர்க்காலா தேர், அச்சா தேர், சக்கரமா தேர் என்று நாகசேனர் ஒவ்வொன்றாகக் கேட்க, அரசர் இல்லை இல்லை என்கிறார். எல்லாம் சேரும்போது வழங்கும் ஒரு பெயர்தான் தேர். மனிதனும் அப்படித்தான் என்பது பிக்குவின் முடிவு. இரவெல்லாம் எரியும் விளக்கின் சுடரை முன்ஜாமத்துச் சுடரோடு ஒன்று என்றும் சொல்ல முடியாது, வேறு என்றும் சொல்ல முடியாது என்கிறார்.

பொருளாவது நிலையானது என்ற நம்பிக்கையையும் படகின் கம்பி அசைத்துவிடுகிறது. பத்தொன்பது இழை முறுக்கிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பி அது. துருப்பிடிக்காததற்குக் காரணம் அதில் குறைந்தது 10.5 சதவீதம் கலந்திருக்கும் குரோமியம். அது காற்றின் ஆக்ஸிஜனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத படலமாக மூடிக்கொள்கிறது. கீறல் விழுந்தால் படலம் தானே மறுபடி வளரும். அதாவது அந்த உலோகம் இடைவிடாமல் தன்னைத்தானே பழுதுபார்த்துக்கொண்டிருக்கிறது. கம்பியின் முனையை உலோகக் குழாய்க்குள் செருகி அழுத்தியிருக்கும் கழுத்தில் மட்டும் கதை வேறு. உப்புநீர் இழைகளின் இடுக்கில் இறங்கித் தேங்கும்; ஆக்ஸிஜன் எட்டாது; படலம் புதுப்பிக்கப்படாமல் உள்ளேயே அரிக்கும். வெளியே தெரிவது கழுத்தைச் சுற்றிப் பழுப்பாக ஒரு கறை, அவ்வளவுதான். கம்பி வேலை தெரிந்தவர்கள் ஒரு டிஷ்யூ காகிதத்தைக் கம்பி நெடுக நீவிக்கொண்டே போவார்கள். இழை அறுந்த இடத்தில் காகிதம் மாட்டிக் கிழியும்.

காகிதம் மாட்டவில்லை, கறையும் இல்லை என்றாலும் பத்துப் பன்னிரண்டு ஆண்டில் கம்பிகளை மாற்றிவிடச் சொல்வது வழக்கம். இது ஏதென்ஸின் முறை அல்ல, ஜப்பானின் முறை. இசே ஆலயத்தை இருபது ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் முழுசாகப் புதிதாகக் கட்டி, தெய்வத்தை அங்கே எழுந்தருளச் செய்கிறார்கள். உள்நாட்டுப் போர்களின் காலத்தில் நூறாண்டுக்கும் மேல் தடைப்பட்டாலும், 2013இல் 62ஆம் முறை நடந்தேறியது. மரம் உளுத்ததா என்று யாரும் தட்டிப் பார்ப்பதில்லை. கெடுமுன்னே மாற்றுவதுதான் மரியாதை. ஹாப்ஸின் இரண்டாவது கப்பலுக்கும் அங்கே இடம் உண்டு: பழைய ஆலயத்தின் பெரிய தூண்கள் ஆலயத்துக்குச் செல்லும் உஜி பாலத்தின் இரு முனைகளிலும் தோரண வாயில்களாக நிற்கப் போய்விடும். எது உண்மையான ஆலயம் என்ற சண்டை எழுவதில்லை, தெய்வம் எந்தப் பக்கம் போனது என்று ஊருக்கே தெரியும்.

ஆகவே ஒரே டிரைமரனில் இரண்டு மதங்கள் நடக்கின்றன. கண்ணாடியிழை ஓடத்தை ஏதென்ஸ் முறையில் அழுகிய இடம் பார்த்து வெட்டி ஒட்டுகிறார்கள். கம்பிகளை இசே முறையில் நாள் பார்த்து மாற்றுகிறார்கள். ஓடம் கெடும்போது பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லும். கம்பி சொல்லாமல் அறும், அறுந்தால் பாய்மரம் ஆட்கள் மேல் விழும். ஏதென்ஸ்காரர்கள் அப்பல்லோவுக்குக் கடன்பட்டிருந்தார்கள் என்றால், படகுக்காரர் கடன்பட்டிருப்பது அந்தக் கம்பிக்குக் கீழே உட்காரப் போகிறவர்களுக்கு. அதே படகுதானா என்ற கேள்விக்கு எடை வருவதே யாரோ ஒருவருக்கு அது அதே படகாக இருந்தாக வேண்டும் என்பதால்தான். விற்கும்போது இது இன்னும் வெளிச்சமாகும். வாங்குகிறவர் முதலில் கேட்பது கம்பிகளை எப்போது மாற்றினீர்கள் என்று. வாங்கிய மறு நாள் முதல் அந்தக் கணக்கு அவருடையது.

இதில் ஒரு தரப்பை எந்த நேர்த்தியிலும் யாரும் சேர்ப்பதில்லை. அடிப்பெயின்ட் வேலை செய்வதே செம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் விட்டுத்தான். அது கொட்டலசுக் குஞ்சுகளோடு நிற்காமல் சிப்பிகளின் இளம் உயிர்களையும் தாக்குகிறது. சான் டியாகோ விரிகுடாவில் ஷெல்டர் தீவுப் படகுத்துறையின் நீரில் செம்பு மிகுந்துபோய், அங்கு சேரும் செம்பை 76 சதவீதம் குறைக்க வேண்டும் என்று 2005இல் நீர்த்தர வாரியம் விதித்தது, கெடு 2022. 2018 ஜூலை முதல் கலிஃபோர்னியா முழுவதும் இத்தகைய பெயின்டிலிருந்து நாளொன்றுக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 9.5 மைக்ரோகிராமுக்கு மேல் செம்பு கசியக் கூடாது. படகின் அடியை முங்கித் தேய்க்கும் ஆட்களும் முரட்டுப் பிரஷ்ஷை விட்டுவிட்டு மெத்தென்ற துணியால் தேய்க்கும்படி ஆனது, தேய்த்தாலும் செம்பு உதிர்கிறது என்பதால். மடங்கிய மிதவையின் பக்கச்சுவருக்கும் சேர்த்துப் பூசிவிடலாமே என்று எண்ணும் டிரைமரன்காரர் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அவருக்கு மட்டும் இன்னொரு வழியும் இருக்கிறது. ஃபாரியர் கைகளை மடக்கியது படகைத் துறையில் நெருக்கி நிறுத்துவதற்கு மட்டுமல்ல. ட்ரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோவதற்காகவும்தான். தரையில் நிற்கும் படகுக்குச் செம்பே தேவையில்லை. ஒவ்வொரு முறையும் பாய்மரத்தை இறக்கி ஏற்றி, கம்பிகளைப் பூட்டிக் கழற்ற வேண்டும் என்பது மட்டும்தான் அதற்கு விலை.