சோர்வின்மையும் அபயதானமே

உணவு, மருந்து, அறிவு, அபயம் ஆகிய நான்கினையும் இல்லறத்தார் செய்யவேண்டிய தானங்களாக நம் ஆன்றோர் வகுத்துள்ளனர். முதல் மூன்றினையும் நாம் நன்கறிவோம். இயன்ற அளவில் செய்தும் வருகிறோம். அபயதானம் என்றவுடன், கொல்லப்பட இருக்கும் ஓர் ஆட்டை விலை கொடுத்து மீட்பதும், அடிபட்ட பறவைக்கு அடைக்கலம் தருவதுமே நம் நினைவுக்கு வருகின்றன. கண்ணெதிரே துன்புறும் உயிரைக் காப்பது அபயதானம் என்பதில் ஐயமில்லை. இன்னும் வந்து சேராத ஓர் ஆபத்திலிருந்து, இன்னார் என்று தெரியாத ஓர் உயிரைக் காப்பதற்காக இன்றே செய்து வைக்கும் ஏற்பாடும் அத்தானத்தில் அடங்குமா? இவ்வினாவை என் உள்ளத்தில் எழுப்பியவர் ஆடு மேய்க்கும் முதியவர் ஒருவர். அந்நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுகிறேன்.

இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், வத்திராயிருப்புக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளது பிளவக்கல். பெரியாறு, கோவிலாறு என்னும் இரு காட்டாறுகளை மறித்து அங்கு இரண்டு அணைகள் கட்டப்பட்டுள்ளன. இப்பெரியாறு தேக்கடியில் உள்ள பெரியாறன்று. வைப்பாற்றுப் படுகையைச் சேர்ந்த சிற்றாறு. இவ்வணைகளின் நீர் வத்திராயிருப்பு வட்டாரத்துக் கண்மாய்கள் பலவற்றை நிரப்பி நெல்வயல்களை வளப்படுத்துகிறது. 1980களின் பிற்பகுதியில் ஓர் ஐப்பசி மாதம், ஆசிரியப் பயிற்சி மாணவியரைக் குடிமைப் பயிற்சி முகாமுக்காக அங்கு அழைத்துச் சென்றிருந்தேன்.

மூன்றாம் நாள் பிற்பகல், மாணவியருடன் ஓர் ஓடையைக் கடந்து சென்று இலைகளும் விதைகளும் திரட்டிக்கொண்டிருந்தோம். ஓடையில் கணுக்கால் அளவு நீரே ஓடிற்று. எங்கள் தலைக்கு மேல் வெயில் காய்ந்தது. அப்போது எதிர்க்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், கையை வீசிக் கூவினார்: “டீச்சரம்மா, புள்ளைகளைக் கூட்டிக்கிட்டு இக்கரைக்கு வந்திருங்க! மேக்கே மழை எறங்கிருச்சு. ஓடை வரப்போகுது!”

வந்தவாசிப் பக்கத்து ஊரில் பிறந்த நான் ஏரியை அறிந்தவள், ஓடையை அறியாதவள். ஏரி நிரம்ப நாள்கள் ஆகும். மலையடிவார ஓடைக்கு நிமிடங்கள் போதும். செங்குத்தான சரிவுகளில் பெய்யும் மழை பல திசைகளிலிருந்தும் ஒரே பள்ளத்தில் திரள்வதால், வெயில் காயும் இடத்திலும் வெள்ளம் வந்துவிடும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவதும், சருகுகள் மிதந்து வருவதும், மேற்கே இரைச்சல் எழுவதும் அதன் அறிகுறிகள். நீரில் சருகு வந்ததை நானும் பார்த்தேன், பொருள் விளங்கவில்லை. பெரியவர் அதனைப் படித்தார். பாடம் நடத்தும் நான் படிக்கவில்லை.

அனைவரும் விரைந்து கரையேறினோம். கால்மணி நேரத்திற்குள் இடுப்பளவுக்கு மேல் செந்நீர் புரண்டு ஓடிற்று. பெரியவர் என்னிடம், “எல்லாரும் ஏறியாச்சா தாயி? மொத்தம் எத்தனை பேரு?” என்று கேட்டார்.

எனக்கு விடை தெரியவில்லை. பயிற்சிக்கு வந்தவர் நாற்பதின்மர் என்பது தெரியும். ஓடையைக் கடந்தவர் எத்தனை பேர் என்பதை நான் எண்ணவில்லை. கரையில் நின்றவரை எண்ணினேன், முப்பத்தெட்டு. மீண்டும் எண்ணினேன், அதே முப்பத்தெட்டு. மாணவி ஒருத்தி முகாமுக்கு ஓடிப் பார்த்துத் திரும்பும் வரையிலான அரைமணி நேரம், யாரோ இரு தாய்மாரின் முகங்கள் என் முன்னே நின்றன. எஞ்சிய இருவரும் முகாமிலேயே தங்கி, இரவுச் சமையலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தனர். எவருக்கும் ஒரு கீறலும் இல்லை. ஆயினும் அன்று நான் குற்றமற்றவள் என்று இன்றுவரை என்னால் கூற முடியவில்லை. அந்தப் பெரியவர் தம் ஆடுகளை எண்ணி வைத்திருந்தார்.

உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் கூறும்போது, உயிரைப் பிரித்தல் என்று மட்டும் கூறி நிறுத்தவில்லை; பிரமாதத்தினால், அதாவது கருத்தின்மையாலும் சோர்வாலும், உயிர்க்கு ஊறு விளைவித்தலே ஹிம்சை என வரையறுத்தார். இவ்விலக்கணத்தின் நுட்பத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். விழிப்போடு நடப்பவன் காலடியில், அவனையும் மீறி ஓர் எறும்பு சிக்கினால் அவன்மேல் ஹிம்சையின் முழுப் பழி சேர்வதில்லை. சோர்வோடு நடப்பவன் காலடியில் எதுவும் சிக்காவிடினும் பழியிலிருந்து அவன் முற்றிலும் நீங்கியவன் ஆகான். துறவியர்க்கு உரைத்த ஈரியா சமிதி, அடுத்த அடியை வைக்கும் முன் நிலத்தை நோக்கும் நெறியேயாகும். எறும்புக்காக நிலம் பார்க்கும் மரபில் வந்த நாம், மழைக்காலத்திற்கு முன் அண்டை வீட்டு மூதாட்டிக்காகத் தெருவைப் பார்ப்பது பெரிய சுமையா?

இங்கு ஓர் எதிர்வாதம் எழும். “வருவது வினைப்பயன், வரவேண்டியது வந்தே தீரும், முன்னேற்பாடு எதை மாற்றும்?” என்பர் சிலர். இது சமணக் கொள்கைபோல் தோன்றும். உண்மையில் ஆசீவகரின் நியதிக் கொள்கைக்கே இது நெருக்கமானது. எல்லாம் முன்னரே முடிவானவை என்ற அக்கொள்கையை மறுப்பதற்கென்றே நீலகேசியில் ஒரு சருக்கம் அமைந்துள்ளது. காலம், இயல்பு, நியதி, வினை ஆகியவற்றோடு முயற்சியையும் ஒரு காரணமாக வைத்து எண்ணுவது நம் நெறி. மேலும், பிறருடைய துன்பத்தை அவர்தம் வினை என்று கூறிவிட்டு நாம் அசையாதிருப்பின், அவ்வாறு அசையாதிருத்தல் யாருடைய வினை? அது நம் கணக்கிலேயே எழுதப்படும்.

பிளவக்கல்லில் நான் பெற்றது எச்சரிக்கை மட்டுமே. அதே மலைத்தொடரில் உள்ள சதுரகிரியில், 2015 மே மாதம் அமாவாசை வழிபாட்டுக்குச் சென்றிருந்த பக்தர்களிற் பலர் திடீர்க் காட்டாற்று வெள்ளத்தில் உயிரிழந்தனர். மலையும் ஓடையும் நமக்குத் தொலைவு என்று திண்டிவனம், செஞ்சி, வந்தவாசி வட்டாரத்து வாசகர்கள் எண்ணிவிடலாகாது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. அடுத்து, சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேற்பட்ட நீர் இரவோடு இரவாகத் திறந்துவிடப்பட்டுத் தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் மூழ்கின. தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும் ஓடை வரலாம் என்ற பாடம் அங்கும் பொருந்திற்று.

கருணை உள்ளவர்கள் நம்மில் குறைவில்லை. ஆயினும் அறிவின் துணையற்ற கருணை தன்னையும் காவாது. சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5ஆம் நாள் பட்டாசு ஆலையில் தீப்பற்றிய செய்தி கேட்டு, சுற்றுப்புறத்து மக்கள் ஓடிச் சென்றனர். சிலர் உதவச் சென்றனர்; சிலர் பார்க்கச் சென்றனர். தொடர்ந்து நிகழ்ந்த வெடிப்பில் அவர்களுள் பலரும் மாண்டனர். அன்று இறந்தோர் 35 பேருக்கும் மேல். எங்கே நிற்கவேண்டும், எவ்வளவு தொலைவில் நிற்கவேண்டும், யாரை முதலில் அழைக்கவேண்டும் என்பதை அமைதியான நாளிலேயே கற்றிருக்க வேண்டும். ஓடும் நேரத்தில் கற்க இயலாது.

முன்னேற்பாடு என்ற பெயரில் வேறொரு குற்றமும் புகுந்துவிடுகிறது. புயல் அறிவிப்பு வந்தவுடன் கடையிலுள்ள பாலையும் மெழுகுவர்த்தியையும் அரிசியையும் வாரிக் கொண்டுவந்து வீட்டை நிறைப்போர் உண்டு. 2020இல் கொரோனா ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோதும் இதைக் கண்டோம். முதலில் வந்தவன் பத்துப் பொட்டலம் கொண்டுசென்றால், கடைசியில் வரும் கூலிக்காரப் பெண்மணிக்கு வெறுங்கடையே எஞ்சும். மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம் ஆபத்து நாளில்தான் சோதிக்கப்படுகிறது. என் வீட்டை மட்டும் காக்கும் ஏற்பாடு பரிக்கிரகமாகிவிடும். தெருவைக் காக்கும் ஏற்பாடே அபயதானமாகும்.

தெருவும் ஊரும் சேர்ந்து காத்துக்கொள்ளும் வழக்கம் நமக்குப் புதிதன்று. மழைக்காலத்திற்கு முன் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியும் கூடையுமாகச் சென்று, கண்மாய்க் கரையையும் மடையையும் செப்பனிட்ட குடிமராமத்து அத்தகையதே. அண்மைக் காலத்திலும் ஒரு சான்று உண்டு. புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவச் சிற்றூரில், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையம் கடல்நிலைச் செய்தியை நாள்தோறும் ஒலிபெருக்கியில் அறிவித்து வந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள், சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் ஊருக்கு எச்சரிக்கை தந்தார். ஊரார் அதே ஒலிபெருக்கியில் அறிவித்து மக்களை வெளியேற்றினர். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அவ்வூரில் படகுகள் பல அழிந்தன, மக்கள் பிழைத்தனர். ஆழிப்பேரலைக்கென்று அவ்வொலிபெருக்கி அமைக்கப்படவில்லை. நாள்தோறும் பயன்பட்டு வந்த கருவியாதலால், அன்று அது கைகொடுத்தது.

நாம் என்ன செய்யலாம்? ஆசிரியர் பயிற்சியில் பழகியவளாதலால் வரிசையாகக் கூறுகிறேன்.

முதலாவது, எண்ணிக்கை. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு குறிப்பேடு வேண்டும். தனித்து வாழும் முதியோர், நடக்க இயலாதோர், கருவுற்ற பெண்கள், நாள் தவறாமல் மருந்து உண்போர், வீட்டைப் பூட்டிக்கொண்டு இரவுப்பணிக்குச் செல்வோர் ஆகியோரின் பெயர்கள் அதில் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவரை அழைத்துவரும் பொறுப்பேற்பவர் பெயரும் வேண்டும். எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் எவரும் பார்ப்பதில்லை.

இரண்டாவது, இடமும் குறியும். ஊரில் மேடான இடம் எது, அங்குச் செல்லும் வழியில் நீர் நிற்குமா என்பதைக் குழந்தைகளும் அறிந்திருக்க வேண்டும். ஜினாலய மணியை இடைவிடாது அடித்தால் அனைவரும் அவ்விடம் சேரவேண்டும் என்று முன்னரே பேசி வைக்கலாம். அங்கு வந்தோரைக் குறிப்பேட்டோடு ஒப்பிட்டு எண்ணவேண்டும். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண்ணாகிய 1077ஐச் சுவரில் எழுதி வைக்கலாம்.

மூன்றாவது, நீர். வடிகட்டிய நீரைப் பருகும் நம் வழக்கம் போற்றத்தக்கது. எனினும் துணி, கண்ணுக்குப் புலனாகும் உயிர்களையே தடுக்கும். வெள்ளம் கலந்த நீரில் உள்ள நோய்க்கிருமிகளைத் தடுக்காது. அந்நாள்களில் வடிகட்டியபின் நன்கு கொதிக்கவைத்து ஆற்றிப் பருகவேண்டும்.

நான்காவது, அண்டை அயலார். குறிப்பேட்டில் நம்மவர் பெயர் மட்டும் இருத்தலாகாது. வெள்ளம் எவருடைய குலத்தையும் சமயத்தையும் கேட்டு வருவதில்லை. கரையில் நின்ற அந்த ஆட்டுக்காரப் பெரியவரும் எங்களை யார் எவர் என்று கேட்கவில்லை. எத்தனை பேர் என்றே கேட்டார்.

இவற்றுக்கு நாள் குறிப்பதும் எளிது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கும். அதற்குச் சில வாரங்கள் முன்னதாகவே தசலட்சணப் பருவம் வருகிறது. ஆலயத்தில் அனைவரும் கூடுகிறோம். ஆண்டு முழுவதும் செய்த பிழைகளுக்காக ஒருவரையொருவர் மன்னிப்பு வேண்டுகிறோம். அந்நாள்களுள் ஒன்றில் அரைமணி நேரத்தை இக்குறிப்பேட்டுக்கு ஒதுக்கினால் போதும். இறந்தோர் பெயரை நீக்கி, புதிதாகப் பிறந்த குழந்தையின் பெயரைச் சேர்த்து, மகன் வெளிநாடு சென்றதால் தனித்துவிட்ட தாயின் பெயருக்கு எதிரே நம் பெயரை எழுதலாம்.

“நல்ல நாளில் ஏன் வெள்ளத்தைப் பற்றிப் பேசவேண்டும்?” என்று வீட்டுப் பெரியவர்கள் தயங்கக்கூடும். எனக்கும் வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவர்களுடைய தயக்கம் எனக்குப் புரிகிறது. அவர்களிடம் கூற என்னிடம் உள்ளது, எண்ணத் தவறிய ஒருத்தி கரையில் நின்று கழித்த அந்த அரைமணி நேரமே. நம் குடும்பங்களில் எவருக்கும் அது வாய்க்க வேண்டாம். வரும் பருவத்திற்குள் உங்கள் தெருவின் குறிப்பேட்டைத் தொடங்குங்கள். முதல் பக்கத்தில் மொத்தம் எத்தனை பேர் என்று எழுதுங்கள்.